வேலூர்ப் பயணம்

“வேலூருக்குப் போகிறோம்” என்று நம் ஊர்ப்பக்கத்தில் ஒருவர் சொன்னால், கோட்டையைக் காணவா என்று எவரும் கேட்பதில்லை. “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்பதே அடுத்த கேள்வியாக வருகிறது. ஓர் ஊரின் பெயர் நோயையும், நலம்பெறும் நம்பிக்கையையும் ஒருங்கே நினைவூட்டுவது விந்தையன்றோ! 2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நாமும் அவ்வூருக்குப் பயணமானோம். நோய் நமக்கன்று, நம் ஊர்த் தச்சர் ஒருவருக்கு. துணையாகச் சென்ற நாம், மருத்துவரைக் காண்பது எப்படி என்னும் பாடத்தை, நாம் செய்த பிழையினாலேயே கற்றுத் திரும்பினோம். நம் குடும்பங்களுக்கு அது பயன்படும் என்பதனால் இங்கே எழுதத் துணிகிறோம்.

புறப்படுமுன்

தச்சருக்கு வயது 63. நம் ஊரில் அவர் கைபடாத வாசல்நிலைகள் மிகக் குறைவு. சில மாதங்களாக மாலைவேளையில் அவருடைய கால்கள் வீங்கின. காலையில் முகம் ஊதியிருந்தது. சிறிது நேரம் இழைப்புளியைத் தள்ளினாலே களைத்துப் போனார். அண்மையிலுள்ள நகரத்தில் இரண்டு இடங்களில் காட்டினார். ஓரிடத்தில் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை கொடுத்தனர். மற்றோரிடத்தில் இரத்தத்தைச் சோதித்து, ‘உப்பு’ சற்றுக் கூடியிருக்கிறது என்றனர். கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளைத்தான் நம் மக்கள் அவ்வாறு குறிப்பிடுகின்றனர். சிறுநீரகம் அதனைச் சரியாக வெளியேற்றாவிடில் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். “ஒரு தடவை வேலூர்ல காட்டிட்டா மனசு ஆறும் சாமி” என்று தச்சர் சொல்ல, அவருடைய மகளும் நாமும் உடன் செல்வதென முடிவாயிற்று.

முன்பதிவு செய்யும் பொறுப்பைக் கல்லூரியில் பயிலும் பேரன் ஏற்றுக்கொண்டான். கடிதம் எழுதி விடைக்குக் காத்திருந்த காலமும், விடியுமுன் சென்று வாயிலில் வரிசை பிடித்த காலமும் நமக்கு நினைவிருக்கின்றன. இன்றோ, திண்ணையில் அமர்ந்து கைப்பேசியிலேயே அதனை முடித்துவிட்டான். எனினும் அந்தச் சிறு வேலையிலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு என்பதை அப்போது கண்டோம்.

முதலாவது, பெயர். ஊரார் அழைக்கும் பெயரையே பேரன் எழுதப்போனான். மகள் தடுத்து, ஆதார் அட்டையில் உள்ளபடி, தலைப்பெழுத்தும் மாறாமல் எழுதச் செய்தாள். பதிவு செய்யும் நோயாளிக்கு அம்மருத்துவமனையில் ஓர் எண் தருகிறார்கள். எத்தனை ஆண்டுகள் கழித்துச் சென்றாலும் அவ்வெண்ணைக் கொண்டே பழைய குறிப்புகளைத் தேடி எடுப்பர். தொடக்கத்தில் பெயர் பிழையானால், பின்னர் காப்பீட்டிற்கும் சான்றிதழுக்கும் அலைய நேரிடும்.

இரண்டாவது, துறை. முழங்காலும் வலிக்கிறது, காலும் வீங்குகிறது; எலும்பு மருத்துவரிடம் போவதா, சிறுநீரக மருத்துவரிடம் போவதா? இவ்வாறு ஐயம் எழும்போது, மெடிசின் எனப்படும் பொது நோய்த் துறைக்கே முதலில் செல்வது நன்று. உடல் முழுவதையும் பார்த்து, தேவையான துறைக்கு அவர்களே அனுப்புவர். மூன்றாவது, ‘ஜெனரல்’ என்றும் ‘பிரைவேட்’ என்றும் உள்ள இருவகைப் பதிவு. முன்னதில் கட்டணம் குறைவு; இளம் மருத்துவர் முதலில் பார்த்து, மூத்தவருடன் கலந்து முடிவு செய்வார். பின்னதில் கட்டணம் மிகுதி. மூத்த மருத்துவரையே காணலாம். நாம் முன்னதையே தெரிந்துகொண்டோம்.

நான்காவது, இடம். 2022-ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் புதிய வளாகம் திறக்கப்பட்டபின் சில துறைகள் அங்கே இயங்குகின்றன. சீட்டில் எந்த வளாகம் குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பாராமல் சென்றால், ஓரிடத்தில் காத்திருந்து மற்றோரிடத்து முறையை இழக்க நேரும். ஐந்தாவது, நாட்கணக்கு. முதல்நாள் மருத்துவர் பார்ப்பார், பின்னர் சோதனைகள், அவற்றின் முடிவு வந்தபின் மீண்டும் அவரைக் காண வேண்டும். மறுநாளே திரும்புவதற்குச் சீட்டு எடுத்துக்கொண்டு போவோர் பாதி வைத்தியத்தோடு திரும்புகின்றனர். நாம் நான்கு நாட்களை ஒதுக்கிக்கொண்டோம்.

இவ்வளவும் சரியாகச் செய்தோம் என்ற நிறைவோடு புறப்பட்டோம். உண்மையில் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்பது பின்னரே விளங்கிற்று.

மொழிகள் கூடும் ஊர்

திருச்சியில் இரவு இரயிலேறினோம். விழுப்புரத்தில் பிரியும் பாதை திருவண்ணாமலை, போளூர், கண்ணமங்கலம் என வட ஆற்காட்டு மண்ணின் ஊடே செல்கிறது. நாம் கண்விழித்தபோது கருக்கல் வெளிச்சத்தில் மொட்டைப் பாறைக் குன்றுகள் தெரிந்தன. காவிரிக் கரையின் பச்சையைக் கண்டு பழகிய கண்களுக்கு அவை கடுமையாகவே தோன்றின. தச்சர் சாளரத்தருகே அமர்ந்து, “மரமே காணோமே சாமி, இந்த ஊர்த் தச்சன் என்ன செய்வான்?” என்று வியந்தார். வேலூர் கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினோம். சென்னையிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வருவோர் காட்பாடிச் சந்திப்பில் இறங்கி, பாலாற்றைக் கடந்து நகருக்குள் வருகின்றனர்.

கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் முன்னே செல்லும் சாலைக்கு ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர். அதனையும் அருகேயுள்ள காந்தி சாலையையும் சுற்றிய தெருக்களில் நடப்பவருக்கு, தாம் இருப்பது தமிழகந்தானா என்னும் மயக்கம் உண்டாகும். கடைப் பலகைகளில் தமிழோடு வங்காள எழுத்துகளும் இந்தி எழுத்துகளும் காணப்படுகின்றன. மேற்கு வங்காளம், ஜார்க்கண்டு, பீகார், அசாம், அண்டை நாடான பங்களாதேஷ் ஆகிய இடங்களிலிருந்து வந்தோரை நாம் சென்றபோது தெருத்தோறும் கண்டோம். அவர்களுக்கென்றே கடுகெண்ணெயில் மீன் சமைக்கும் உணவுச்சாலைகள் உள்ளன. விடுதிகள் பலவற்றில் தாமே சமைத்துக்கொள்ளவும் இடம் தருகிறார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பள்ளிக்கூடம் மிகுதியாகப் போயிராத நம் தமிழ்க் கடைக்காரர்கள் வங்காள மொழியில் பேரம் பேசுவதைக் கேட்பது காதுக்கு இனிமையாகவே இருந்தது.

நாம் தங்கிய விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவர் முர்ஷிதாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். மனைவியின் நோய்க்காக வந்திருந்தார். மாலையில் தாழ்வாரத்தில் அமர்ந்து அவர் ஒரு தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். என்னவென்று வினவினோம். மனைவிக்கு நோய் தொடங்கிய நாள், அது கூடிய நாள், உட்கொண்ட மருந்துகள், ஒவ்வாமல் போன மருந்து, முன்னர் நடந்த அறுவை, கடைசியாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் ஆகிய அனைத்தையும் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். “மருத்துவரின் மொழி என் மனைவிக்குத் தெரியாது, அவளுடைய மொழி மருத்துவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே இந்தத் தாள் பேசட்டும்” என்றார்.

அவரைப் பாராட்டினோம். ஆனால் உள்ளத்தில் நாம் எண்ணியது வேறு. ‘நமக்கு அந்தத் தொல்லை இல்லை, நாம் தமிழர், நம் மாநிலத்து மருத்துவமனை, வாய் திறந்தால் போதும்’ என்று எண்ணிக்கொண்டோம். ஒரே மொழி பேசுவோரிடையேயும் சொல்லப்படாமல் நிற்பவை உண்டு என்பதை நாம் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு மருத்துவமனை பிறந்த கதை

விடுதியிலிருந்து கோட்டை வரை நடந்து செல்லலாம். முறைக்காகக் காத்திருக்கும் நோயாளிகளும் உறவினரும் மாலைவேளையில் அகழிக் கரையில் உலாவுவது அவ்வூர் வழக்கம். 1806-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கோட்டை அது. ஜலகண்டேசுவரர் ஆலயமும், ஒரு மசூதியும், ஒரு தேவாலயமும் அதனுள்ளே இருக்கின்றன. அகழிக் கரையில் அமர்ந்து, மருத்துவமனை தோன்றிய கதையைத் தச்சருக்குச் சொன்னோம்.

ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் 1819-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர், தந்தையாரும் மருத்துவரே. அமெரிக்காவில் படித்துவிட்டு அங்கேயே வாழ விரும்பிய இளம்பெண், நோயுற்ற தாயைக் காண 1890-ஆம் ஆண்டில் திண்டிவனத்திற்கு வந்திருந்தார். ஓரிரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், ஒருவர் முதலியார் குலத்தவர். மூவரின் மனைவியரும் பேறுகாலத்தில் துன்புற்றுக்கொண்டிருந்தனர். “நான் மருத்துவம் படிக்கவில்லை, என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்” என்று ஐடா மன்றாடினார். அயல் ஆடவரைப் பெண்ணின் அருகே விட மூவரும் இசையவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அந்த இரவே ஐடாவின் வாழ்வை மாற்றியது. 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்து, ஒரே படுக்கையுடன் வைத்தியத்தைத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். 1960-ஆம் ஆண்டில் கோடைக்கானலில் அவர் காலமானார்.

வாரந்தோறும் குறித்த நாளில் குடியாத்தம் சாலை வழியே அவர் செல்வதுண்டு. அந்நாளை அறிந்த கிராமத்தார் சாலையோர மரநிழலில் நோயாளிகளோடு காத்திருப்பர். அக்காலத்தில் நாளும் இடமும் குறித்து மருத்துவரே மக்களை நாடிச் சென்றார். இக்காலத்தில் நாம் நாளும் நேரமும் பெற்று மருத்துவரை நாடிச் செல்கிறோம்.

அங்கே பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றியும் சொன்னோம். 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்த அவர், மருத்துவம் பயிலுமுன் தச்சும் கட்டட வேலையும் பயின்றவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையினால் நிமிர்த்தி, மீண்டும் வேலை செய்யவைக்கும் முறையை வேலூரில் வளர்த்தவர். “டாக்டரும் தச்சர்தானா!” என்று பெரியவர் மகிழ்ந்து போனார். பிறகு தம் முழங்காலைத் தடவிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் விட்டுவிட்டார். நாமும் கேளாமல் விட்டுவிட்டோம்.

நாம் செய்த பிழை

மறுநாள் காலை குறித்த நேரத்திற்கு முக்கால் மணி முன்னதாகவே சென்றோம். ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் வந்துபோகும் இடம். எண்ணைப் பார்த்து, அறையைப் பார்த்து, வரிசையில் அமர்ந்தோம். நம் முறை வந்தது.

உள்ளே இருந்தவர் இளம் வயதுடைய ஒரு பெண் மருத்துவர். தச்சரைத் தம் அருகே அமரச் செய்து, “சொல்லுங்க ஐயா, உங்களுக்கு என்ன தொந்தரவு?” என்று கனிவோடு கேட்டார். விடை சொன்னவர் தச்சர் அல்லர், நாம். ஊரில் நாலு பேருக்காகப் பேசிப் பழகிய நாக்கு அல்லவா! முதலில் எங்கே காட்டினார், அங்கே என்ன சொன்னார்கள், அடுத்து எங்கே போனார், அதைப்பற்றி நம் கருத்து என்ன என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு போனோம். மருத்துவர் முந்தைய சோதனைச் சீட்டுகளைக் கேட்டார். மகள் பையைக் கவிழ்த்தாள். மின்கட்டண இரசீதும், பழைய திருமண அழைப்பிதழும், முழங்கால் எக்ஸ்ரே படமும் வெளிவந்தன. வேண்டிய சீட்டு கடைசியில்தான் கிடைத்தது. “வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?” என்று மருத்துவர் வினவினார். “இரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான்” என்றோம், தச்சரின் முகத்தைக்கூடப் பாராமல். அவர் தலை குனிந்திருந்தார். மருத்துவர் காலை அழுத்திப் பார்த்து, அழுத்தம் அளந்து, இரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன் ஆகிய சோதனைகளை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து பத்தடி நடந்திருப்போம். தச்சர் நின்றுவிட்டார்.

“சாமி, ஒண்ணு சொல்லணும். நான் முட்டிவலிக்கு மாத்திரை போடறேன்.”

“எத்தனை நாளாக?”

“அஞ்சு வருசம் இருக்கும். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அது இல்லாம குத்துக்காலிட்டு உக்கார முடியாது; வேலை ஓடாது.”

“இதை ஏன் ஐயா உள்ளே சொல்லவில்லை?”

அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க பக்கத்துல இருக்கும்போது எப்படிச் சொல்றது? கடையில தானா வாங்கித் தின்னேன்னு நீங்க கோவிச்சுப்பீங்களே, சாமி.”

அன்பர்களே, அச்சொல் நம்மைச் சுட்டது. திண்டிவனத்து இரவில் மருத்துவர் அதே வீட்டில் இருந்தும், பெண்களின் நோய் அவரை எட்டவில்லை. இங்கோ மருத்துவர் இரண்டடி தூரத்தில் இருந்தும், இவருடைய நோயின் வேர் அவரை எட்டவில்லை. இடையில் நின்ற தடை யாது? அன்று வழக்கம், இன்று நாமே. தனிமையில் மனம் திறப்பதன் அருமையைப் பிறருக்கு எடுத்துரைப்பதே நம் பணியாயிருக்க, ஒருவர் தம் உடலைப் பற்றி உண்மை பேசுவதற்கு நம் முன்னிலையே இடையூறாயிற்று.

உடனே திரும்பிச் சென்று, வாயிலில் நின்ற செவிலியிடம் செய்தியைச் சொன்னோம். உள்ளே இருந்த நோயாளி வெளிவந்ததும் தச்சரை மீண்டும் அழைத்தார்கள். இம்முறை நாம் வெளியிலேயே அமர்ந்துகொண்டோம். தச்சரும் மகளும் மட்டுமே சென்றனர். மகள் பின்னர் சொன்னாள்: அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாராம். அது டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்து. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. “இதைச் சொன்னது நல்லதாப் போச்சு ஐயா. இல்லேன்னா நான் வேற எங்கேயோ தேடிக்கிட்டு இருந்திருப்பேன்” என்றாராம்.

இரண்டு நாட்கள் கழித்து, சோதனை முடிவுகளோடு மருத்துவர் விளக்கிக் கூறினார். இவ்வகை வலிமருந்துகள் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நாட்பட உட்கொண்டால் சிறுநீரகம் கெடும், இரத்த அழுத்தமும் ஏறும். முதுமையும் நீர் குறைவாக அருந்தும் பழக்கமும் சேர்ந்தால் கேடு விரைவாகும். தச்சரின் சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தது. ஆனால் முற்றும் கெடவில்லை. அந்த மாத்திரையை அன்றே நிறுத்துமாறும், அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்குமாறும் சொல்லி, முழங்காலுக்குப் பயிற்சியும், வேண்டும்போது அளவோடு உட்கொள்ள வேறு மருந்தும் எழுதித் தந்தார். இன்னும் ஓராண்டு அவர் வாய் மூடியிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அஞ்சுகிறோம்.

இதே மருந்தைப் பற்றி வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. இம்மருந்து செலுத்தப்பட்ட மாடுகள் இறந்தபின், அவற்றின் உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலற்று இலட்சக்கணக்கில் மடிந்தன. அதனால் 2006-ஆம் ஆண்டில் நம் நாட்டில் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. மனிதருக்கு அது மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் நல்ல மருந்தே. அளவறியாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குவதுதான் கேடு.

கற்றுக்கொண்டவை

67 நாடுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரை, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டது. ஸ்வீடனில் 22 நிமிடத்திற்கும் மேல். பங்களாதேஷில் 48 விநாடி. நம் நாட்டிலோ ஏறத்தாழ இரண்டு நிமிடம். பெருங்கூட்டத்தின் நடுவே மருத்துவரை நொந்து பயனில்லை. கிடைக்கும் சில நிமிடங்களை வீணாக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. குறியிடாமல் மரத்தை அறுக்கும் தச்சர் உண்டோ? மருத்துவரிடம் மட்டும் நாம் ஏன் குறியின்றிச் செல்கிறோம்?

புறப்படுமுன், வங்காள ஆசிரியரைப்போல ஒரே தாளில் எழுதிக்கொள்வோம். எது பெருந்தொந்தரவோ அதனை முதல் வரியில் எழுதுவோம். என்று தொடங்கியது, எப்போது கூடுகிறது, எதனால் தணிகிறது என்பன அடுத்த வரிகள். கேட்க விரும்பும் கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டா. பழைய சீட்டுகளைத் தேதி வரிசைப்படி அடுக்கி, அண்மையது மேலே இருக்குமாறு ஓர் உறையில் வைப்போம். வீட்டில் உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும், அட்டையோடும் புட்டியோடும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வோம். இலேகியமும், கசாயமும், கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் மருந்துகளே, அவற்றை விலக்கிவிடலாகாது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமெனில், எத்தனை மணிநேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்பதையும், நீரிழிவு உள்ளவர் காலை மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வோம்.

மருத்துவரின் அறையில் நோயாளியே பேசட்டும். துணைக்குச் செல்பவர் ஒருவர் போதும். அவர் வேலை கேட்பதும் குறித்துக்கொள்வதுமே. நோயாளி மறந்ததை அவர் இறுதியில் நினைவூட்டலாம், இடைமறிக்கலாகாது. மாமியாரின் நோயை மருமகளும், மனைவியின் நோயைக் கணவரும் சொல்லி முடித்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் மிகுதி. வயதுவந்த பெண்பிள்ளைகளும் முதியோரும் சிறிது நேரம் தனியே மருத்துவருடன் பேச விரும்பலாம். அதற்கு இடம் கொடுத்து நாம் வெளியே நிற்பது அவமதிப்பு அன்று. குடிப்பழக்கம், புகைப்பழக்கம், மாதவிடாய்த் தொல்லை, மனக்கவலை ஆகிய எதனையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டுவதில்லை. பிறர்முன் நாணத்திற்குரியதாகத் தோன்றுவதே நோயின் காரணமாக இருக்கக்கூடும்.

எழுந்து வருமுன், கேட்டதை நம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்வோம். “இந்த மாத்திரை காலையில் சாப்பாட்டுக்கு முன், இது இரவில், இதை நிறுத்திவிட வேண்டும், சரிதானே அம்மா?” என்று கேட்டால், பிழை இருப்பின் அங்கேயே திருத்தப்படும். எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும், மறுபடியும் எப்போது வர வேண்டும் என்னும் இரண்டையும் கேளாமல் அறையை விட்டு வரலாகாது. சிறுநீரகம் நலிந்தவர்கள், வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும், ஸ்கேன் எடுக்கப் போனாலும், அதனை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நால்வரில் முதல்வர்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர். இவ்வரிசையில் முதலிடம் மருத்துவருக்கு அன்று, நோயுற்றவருக்கே. துணைநிற்பவருக்கு நான்காம் இடம். வேலூரில் நாம் நான்காம் இடத்திலிருந்து முதலிடத்திற்குத் தாவினோம். அதுவே நம் பிழை.

ஊர் திரும்பியபின் தச்சர் இரண்டு ரூபாய்ப் பென்சிலால் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்து, மாத்திரைக்கு ஒரு பத்தியும் அழுத்தத்திற்கு ஒரு பத்தியும் வகுத்துக்கொண்டார். மர அளவுகள் எழுதிப் பழகிய கை அல்லவா. எண்கள் நேராக நின்றன. ஆறு மாதங்களுக்குப் பின் மீண்டும் வேலூருக்குச் சென்றார். சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திரும்பாது என்று மருத்துவரும் மறைக்காமல் சொன்னார். ஆனால் மேலும் கெடாமல் நின்றுவிட்டது. கால் வீக்கமும் வடிந்தது. இப்போது அவர் குத்துக்காலிடாமல், உயரமான பலகை ஒன்றைத் தாமே செய்துகொண்டு, அதன்மேல் அமர்ந்து அரைநாள் வேலை செய்கிறார்.

அந்த இரண்டாம் பயணத்தின்போது, “நீங்களும் வர்றீங்களா சாமி?” என்று அவர் நம்மை அழைத்தார். சென்றோம். மருத்துவரின் அறை வாசல்வரை சென்று, வெளியிலிருந்த பெஞ்சில் அமர்ந்துகொண்டோம். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.